நான் புகழ்ந்த எட்டாம் அத்தியாயம்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, சோற்றில் சொதியை விட்டுப் பிசையத் தொடங்குகிறேன் — கைபேசி அடிக்கிறது.

"சேர், நான் றொஷாந்தி கதைக்கிறன்."

எந்த றொஷாந்தி? சட்டென்று பிடிபடவில்லை. பிறகு நினைவு வந்தது. 'வெயில் படாதவன்' என்ற நாவலை எழுதிய பிள்ளை. இரத்தம் குடிக்கும் வம்பயர் கதை. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியது. அதன் வெளியீட்டு விழாவில் மேடையேறிப் பேசிய ஐந்து பேரில் அடியேனும் ஒருவன்.

"சொல்லுங்கோ பிள்ளை."

"அண்டைக்கு நீங்கள் பேசேக்குள்ள எட்டாம் அத்தியாயம்தான் இந்த நாவலின்ர உயிர் எண்டு சொன்னனீங்கள். அதில உங்களுக்கு எது பிடிச்சது சேர்?"

இப்படிக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? சமாளிப்பார். நானும் சமாளித்தேன்.

"எல்லாம்தான் பிள்ளை. அந்த நடை... அந்த உணர்வு... குறிப்பா அந்த முடிவு."

இணைப்புத்தான் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"சேர், புத்தகத்தில எட்டாம் அத்தியாயம் இல்லை."

பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது.

கொஞ்சம் பொறுங்கள். இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னை ஏசலாம்.

எங்கள் பக்கத்து நூல் வெளியீட்டு விழாக்களுக்கு நீங்களும் வந்திருப்பீர்கள். மங்கல விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை, நயவுரை, இன்னொரு நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. அழைப்பிதழில் நாலு மணி என்று இருக்கும். ஐந்தரைக்குத் தொடங்கும். மேடையில் இருப்பவர்கள் புத்தகத்தைப் புகழ்வார்கள். சபையில் இருப்பவர்கள் வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. பேசினவர் புத்தகத்தை வாசித்தாரா? அப்படிக் கேட்பது மரியாதை இல்லை.

நான் வாசிக்கவில்லை.

புத்தகம் நாலு நாட்களுக்கு முன்பே என் கைக்கு வந்துவிட்டது. நேரமும் இருந்தது. இருந்தாலும் என்னிடம் ஒரு பழைய வழி இருக்கிறது — பின்னட்டை, அணிந்துரை, பொருளடக்கம், முதல் அத்தியாயத்தில் பாதி, கடைசிப் பக்கம். அரை மணித்தியாலம் போதும். அதை வைத்துக்கொண்டு கால் மணித்தியாலம் பேசலாம். இந்த வயதில் நான் இருந்து இரத்தக் காட்டேரிக் கதை வாசிப்பதா என்ற இளக்காரமும் மனதில் இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

பொருளடக்கத்தில் எட்டாவது தலைப்பு 'யார் வரச் சொன்னது?' என்று இருந்தது. நல்ல தலைப்பு. பேசுவதற்கு மிகவும் வசதியான தலைப்பு! மேடையில் மூன்று நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டே நீந்தினேன். இந்த எட்டாம் அத்தியாயம்தான் நாவலின் உயிர்நிலை என்றேன். சபை கைதட்டியது. மேடையில் இருந்த மற்றவர்களும் வாசித்திருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலையிலேயே றொஷாந்தியைத் தேடிப் போனேன். இருபத்து நாலு வயது. பட்டணத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக் கடையில் வேலை. வீடு கடற்கரைப் பக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால். தகப்பன் கரைவலை இழுக்கிறவர். கடையில் ஆட்கள் குறைகிற மத்தியான வேளைகளில் நாலு வருடம் இருந்து எழுதிய நாவல் அது.

கடையில் நான் வாயைத் திறக்க முன்பே ஒரு பிரதியை எடுத்து விரித்துக் காட்டினாள். அச்சகத்தில் புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்து, அடுக்கி, பிறகு சேர்த்துக் கட்டுவார்கள். அடுக்கும்போது யாரோ ஒரே மடிப்பை இரண்டு தடவை வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்ததை விட்டுவிட்டார்கள். அதனால் ஏழாம் அத்தியாயம் இரண்டு தடவை வருகிறது. எட்டாம் அத்தியாயம் வரவே இல்லை. ஏழு, மறுபடி ஏழு, பிறகு ஒன்பது. அத்தனை பிரதியிலும் இதே கதைதான்.

"அச்சகத்தில பிழை விட்டவை. அது பரவாயில்லை சேர். மனுசர் பிழை விடுறதுதானே" என்றாள். "வெளியிட்டு ஆறு கிழமை. எனக்கே பிறகுதான் தெரியும். தெரிஞ்ச நாள்ல இருந்து போனைப் பாத்துக்கொண்டு இருந்தனான். ஆராவது எடுத்து ஏசுவினம், என்ன பிள்ளை இது, வேற புத்தகம் தா எண்டு கேப்பினம் எண்டு. ஒருத்தரும் எடுக்கேல்லை. ஒருத்தர் கூட."

"பிள்ளை..."

"உங்களை மட்டும் நான் கேக்கேல்லை. பேசின அஞ்சு பேருக்கும் எடுத்தனான். ஒருத்தர் வசனநடை தெளிஞ்ச ஓடை மாதிரி எண்டார். இன்னொருத்தர் ஒரே இருப்பில வாசிச்சு முடிச்சவராம். நீங்கள் ஒராள்தான் இல்லாத அத்தியாயத்துக்கே பாராட்டுத் தந்தனீங்கள்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள்.

"ரெண்டாம் பாகம் பாதி எழுதிப்போட்டன். இனி எழுதேல்லை. எழுதின கொப்பியள் எல்லாத்தையும் மருந்து வந்த பெட்டி ஒண்டுக்குள்ள போட்டு ஒட்டிப்போட்டன். வாசிக்க ஒரு ஆள் இருந்தாக் காணும், எழுதலாம். ஒரு ஆளும் இல்லாட்டி ஆருக்கு எழுதுறது?"

முப்பது வருடமாக எழுதுகிறவன் நான். எத்தனை மேடைகளில் எத்தனை பேருக்கு இதே அநியாயத்தைச் செய்திருப்பேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. திட்டியே ஒருவரின் எழுத்தை நிறுத்தலாம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்... புகழ்ந்தும் நிறுத்தலாம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்கள் வாசிக்கேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். கண்ணாடி மூண்டு நாளா அலுமாரிக்கு மேலதானே கிடந்தது."

"தெரிஞ்சு ஏன் சொல்லேல்லை?"

"எந்தப் புத்தகத்துக்கு எண்டு சொல்லுறது?"

கண்ணாடியை எடுத்துக்கொண்டு 'வெயில் படாதவன்' வாசிக்கத் தொடங்கினேன். இந்த முறை முதல் வரியிலிருந்து.

கதை இதுதான். டானியல் என்று ஒருவன். நானூறு வருடங்களுக்கு முன் கப்பலில் எங்கள் துறைமுகத்துக்கு வந்தவன். பதினேழு வயதில் ஏதோ ஒன்று அவனைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை பதினேழுதான். இரத்தம் குடித்தால்தான் உயிர் வாழலாம். வெயில் பட்டால் சரி, முடிந்தது. திருகோணமலை வெயிலில் நாங்களே பாதி முடிந்துபோகிறோம், அவன் பாவம் என்ன செய்வான்? இந்த டானியலுக்கு சாம்பல்தீவில் உயர்தரம் படிக்கிற ஆரணி என்ற பெண்ணில் ஒரு விருப்பம் வருகிறது.

இதுவரை வழக்கமான கதைதான். ஆனால் றொஷாந்தி ஒரு இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறாள். வம்பயர்களுக்கு ஒரு சட்டம் உண்டாம். வீட்டுக்காரர் 'உள்ளே வா' என்று கூப்பிடாமல் அவர்கள் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாது. வெளிநாட்டில் இது நல்ல பாதுகாப்பு. எங்கள் ஊரில்? வாசல் படலையில் யார் தலை தெரிந்தாலும் "வாங்கோ, வாங்கோ, ஏன் வெளியில நிக்கிறியள்?" என்று கூப்பிட்டுக் கதிரையை இழுத்துப் போடுகிற சனம் நாங்கள்! வம்பயருக்கு இதைவிட வசதியான ஊர் உலகத்தில் உண்டா?

ஆனால் டானியலுக்கு யாரையும் கடிக்க விருப்பமில்லை. அதனால் அவன் படலைகளுக்குப் பயப்படுகிறான். யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் எங்கள் ஒழுங்கைகளால் ஓடிக்கொண்டே இருக்கிறான். மனிதருக்குப் பயந்த பேய். மனிதரின் உபசாரத்துக்குப் பயந்த பேய். வாசித்துக்கொண்டு போகையில் நான் தனியே இருந்து சிரித்தேன்.

ஏழாம் அத்தியாயத்தின் கடைசியில் அவன் ஆரணி வீட்டுப் படலையில் வந்து நிற்கிறான். ஒன்பதாம் அத்தியாயம் தொடங்கும்போது அந்த வீட்டுக் குசினியில் கதிரையில் இருக்கிறான். முன்னால் ஆறிப்போகிற தேத்தண்ணி. இடையில் என்ன நடந்தது? யார் வரச் சொன்னது?

உடனே றொஷாந்திக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளை, அவனை ஆர் உள்ளுக்குக் கூப்பிட்டது?"

"ஏன் சேர்?"

"எனக்குத் தெரிய வேணும்."

"நீங்கள் பாவம் பாத்துக் கேக்கிறியள்" என்று போனை வைத்துவிட்டாள்.

அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி, எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் கேட்டேன். ஆறு வாரத்துக்கு முன், 'வெயில் படாதவன்' வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து உங்கள் அபிப்பிராயத்தை அனுப்புங்கள் என்று எழுதியது ஞாபகம் இருக்கலாம்.

அபிப்பிராயத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வந்து குவிந்தன. வம்பயர் எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். புத்தகம் தன்னிடம் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை என்ற தகவலை நாலாம் பக்கத்தில் தந்திருந்தார். மிக அருமையான சமூக நாவல், பெண் கல்வியின் அவசியத்தை வலியுறுத்துகிறது என்று இன்னொருவர். அட்டைப்படம் நன்றாக இருப்பதாக மூன்று பேர். எட்டாம் அத்தியாயம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, றொஷாந்தி சொன்னதுதான் உண்மை, இந்த ஊரில் ஒருவரும் வாசிக்கவில்லை என்று நான் முடிவுகட்டிய நாளில் ஒரு அழைப்பு.

"அங்கிள், நான் கிண்ணியாவிலருந்து பர்ஹானா. பத்தியில கேட்டிருந்தீங்க. நாங்க பதினாலு பேர் வாசிச்சிருக்கம்."

"பதினாலு பேரும் புத்தகம் வச்சிருக்கிறீங்களோ?"

"இல்ல அங்கிள். ஒரு புத்தகம்தான்."

விஷயம் இப்படி. வெளியீட்டு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டிய நிலாவெளிக்காரருக்கு மரியாதைக்காக ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைக் கொண்டுபோய் மகள் கீர்த்தனாவிடம் கொடுத்திருக்கிறார். கீர்த்தனா வாசித்துவிட்டுப் பட்டணத்தில் தான் போகிற ரியூசன் வகுப்புக்குக் கொண்டுபோனாள். அங்கே நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா என்று பல பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து படிக்கிறார்கள். புத்தகம் கைமாறத் தொடங்கியது. கூடவே நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்றும் போனது. சட்டம் ஒன்றே ஒன்றுதான் — இரண்டு நாளில் வாசித்து, கொப்பியில் ஒரு பக்கமாவது எழுதி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் இல்லை.

மேடையில் இருந்த எங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது பர்ஹானாவும் கீர்த்தனாவும் பஸ் நிலையத்தில் வைத்து அந்தக் கொப்பியைத் தந்தார்கள். பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். அங்கேயே ஒரு வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன்.

"டானியல் நல்லவன். ஆனா ஒரு படலையில நிக்கிறதுக்கு இவ்வளவு பக்கம் யோசிக்கத் தேவையில்லை" என்று ஒருத்தி. "ஆரணி சோதனைக்குப் படிக்கிற மாதிரியே தெரியேல்லை. உயர்தரம் எடுக்கிற பிள்ளைக்கு இவ்வளவு நேரம் எங்கால?" என்று இன்னொருத்தி. "இரத்தம் குடிக்கிற நுளம்பை விட வம்பயர் எவ்வளவோ மேல். கேட்டிட்டுத்தானே உள்ளுக்கு வருது" என்று ஒருத்தி எழுத, அதன் கீழே நாலைந்து பேர் சிரிப்பு முகம் கீறியிருந்தார்கள். "எனக்குப் பிடிக்கேல்லை. ஒரு இடத்திலயும் பயம் வரேல்லை. பயம் வராட்டி அது என்ன வம்பயர்?" என்று ஒருத்தி காரணத்தோடு நிராகரித்திருந்தாள்.

ஏழாம் அத்தியாயம் இரண்டு தடவை வருவதைப் பற்றி கீர்த்தனா எழுதியதை வாசித்து அசந்துபோனேன். "இது பிழை எண்டு நான் நினைக்கேல்லை. சாவு இல்லாதவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரே நாள்தானே. அதைக் காட்டத்தான் எழுத்தாளர் அதே பக்கங்களைத் திரும்பப் போட்டிருக்கிறா." இந்த ஊரின் பெரிய விமர்சகர்கள் யாருக்காவது இப்படி ஒரு விளக்கம் தோன்றுமா?

ஆனால் எட்டு இல்லை என்பதை எல்லோரும் கண்டுபிடித்திருந்தார்கள். பொருளடக்கத்தில் தலைப்பு இருக்கிறதே! அதனால் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, டானியலை யார் வரச் சொன்னது என்று ஆளுக்கொரு கதை எழுதி வைத்திருந்தார்கள். ஆரணிதான் கூப்பிட்டாள் என்று பலர். வீட்டு நாய் வாலாட்டியது, அதுவும் அழைப்புத்தான் என்று ஒருத்தி. கடைசியாக இருந்தது பர்ஹானா எழுதியது. அதை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினேன். மூடிய கையோடு மருந்துக் கடைக்கு நடந்தேன். கடை கிட்டத்தானே.

றொஷாந்தி கல்லாப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கத்திலேயே முகம் மாறியது. 'பிடிக்கேல்லை' என்ற பக்கத்தை மூன்று தடவை வாசித்தாள்.

"சேர், இந்தப் பிள்ளைக்குப் பிடிக்கேல்லையாம்!" என்றாள். பரிசு விழுந்தவர்கள் சொல்கிற மாதிரி.

மருந்துச் சிட்டையோடு வந்த ஒருவர் காத்துக்கொண்டு நின்றார். அவருக்கு மருந்தைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் எல்லாம் சொல்லி அனுப்பிவிட்டு மறுபடி கொப்பிக்கு வந்தாள். பர்ஹானாவின் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

பர்ஹானா கதைக்கிற மாதிரியே எழுதியிருந்தாள். "ஆரணியோட அம்மாதான் வரச் சொன்னா. ரெண்டாம் அத்தியாயத்தில ஒரு வரி இருக்கு. ஆரணிக்கு ஒரு அண்ணன் இருந்தார், பதினேழு வயசில கடலுக்குப் போய்த் திரும்பி வரல்ல என்டு. பிறகு கதையில அவரப் பத்தி ஒண்டுமே இல்ல. எழுத்தாளர் மறக்கலாம். தாய் மறப்பாவா? படலையில பதினேழு வயசுப் பொடியன் ஒருத்தன் நிக்கிறான். உடுப்பில கடல் உப்பு. அந்தத் தாய் ஆர் என்டு கேக்க மாட்டா. 'ஏன் மகன் வெளியில நிக்கிறாய், உள்ளுக்கு வா' என்டுதான் சொல்லுவா. டானியல் நானூறு வருசமாப் படலைகளுக்குப் பயந்து ஓடினவன். மகன் என்டு கூப்பிட்ட உடன அவனுக்கு ஓட ஏலாமப் போச்சு. ஒன்பதாம் அத்தியாயத்தில இருக்கிற தேத்தண்ணி, அது அம்மா போட்டது."

"அந்த அண்ணனை நான் மறந்தே போனன் சேர்" என்றாள் றொஷாந்தி. "ஒரு வரி எழுதினனான். பிறகு அந்தப் பக்கமே போகேல்லை."

பிறகு உள்ளே போய்த் தன்னுடைய எட்டாம் அத்தியாயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இருந்து வாசியுங்கோ. வாசிச்சிட்டுச் சொல்லுங்கோ. இதுவோ நல்லம், பர்ஹானா எழுதினதோ?"

நான் வாசித்தேன். கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பதினாறு பக்கம்.

முடித்தபோது என் நாக்கில் பழைய வசனங்கள் வரிசையாக வந்து நின்றன. இரண்டும் இரண்டு விதத்தில் சிறப்பு... அதற்கென்று ஒரு அழகு, இதற்கென்று ஒரு அழகு... அப்படிச் சொன்னால் தப்பிவிடலாம். உண்மையைச் சொன்னால் பெட்டிக்குள் போன கொப்பிகள் பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும் என்று பயமாகவும் இருந்தது. ஏற்கெனவே மனம் விட்டுப்போன பிள்ளை. ஆனால் இன்னொரு தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பர்ஹானா எழுதினதுதான் திறம்" என்றேன். "உங்கட எட்டில ஆரணி வந்து கூப்பிடுறாள். கூப்பிட முதல் நாலு பக்கம் நிலவைப் பற்றிக் கதைக்கிறாள். எனக்குக் கொட்டாவி வந்தது. தாயை நீங்கள் முதல் பக்கத்திலயே ஒரு செத்த வீட்டுக்கு அனுப்பிப்போட்டியள், இடைஞ்சலா இருக்கும் எண்டு. அதுதான் பிழை. அந்தத் தாய் வீட்டில நிண்டிருக்க வேணும்."

றொஷாந்தி என்னைப் பார்த்தபடி நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இதை ஏன் சேர் மேடையில சொல்லேல்லை?"

"வாசிக்கேல்லையே பிள்ளை."

சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னால் மருந்து அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் ஒரு மாதமாக இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

எட்டாம் அத்தியாயத்தை அவள் திருப்பி எழுதினாள். அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து கடை வாசலுக்கு வந்து, ஒருத்தியின் தோளுக்கு மேலால் ஒருத்தி எட்டிப் பார்த்து வாசித்தார்கள். பாராட்டினார்களா? இல்லை. "தாய் இவ்வளவு அழத் தேவையில்ல அக்கா. அவ தேத்தண்ணி போடட்டும், அது காணும்" என்றாள் பர்ஹானா. றொஷாந்தி அந்த இடத்திலேயே பேனையை எடுத்து மூன்று பந்தி அழுகையை வெட்டினாள். எனக்கென்றால் அந்த அழுகை பிடித்திருந்தது. சொன்னேன். பெரும்பான்மை எனக்கு எதிராக இருந்தது.

இப்போது எட்டாம் அத்தியாயம் பதினாறு பக்கச் சிறு புத்தகமாக வந்திருக்கிறது. அச்சகத்துக்காரரே வெட்கப்பட்டு அடித்துக் கொடுத்துவிட்டார். 'வெயில் படாதவன்' வைத்திருக்கிறவர்கள் மருந்துக் கடையில் போய்க் கேட்டு வாங்கலாம். இலவசம். ஆனால் றொஷாந்தி ஒரு கேள்வி கேட்பாள் — ஏழாம் அத்தியாயத்தின் கடைசியில் படலையில் நிற்பது யார்? பதில் தெரியாதவர்கள் போய் வாசித்துவிட்டு வர வேண்டும்.

போகிறார்கள். வருகிறார்கள். என்னோடு மேடையில் இருந்து 'ஒரே இருப்பில் வாசித்த' நண்பர் முதல் தடவை போய்த் திரும்பி வந்து, நாலு நாள் கழித்து மறுபடி போய் வாங்கினாராம். பண்பாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியரும் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். புத்தகம் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் எந்தெந்தப் பக்கத்தில் பிடிக்கவில்லை என்று குறித்துக்கொண்டு போயிருக்கிறார். றொஷாந்திக்கு அது ரொம்பச் சந்தோசம். அரை மணித்தியாலம் இருவரும் சண்டை பிடித்தார்களாம்.

ஒட்டி வைத்த பெட்டி என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற துணிவு வரவில்லை.

நேற்றுக் காலை வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. இரண்டாம் பாகம், முதலாம் அத்தியாயம். கீழே ஒரு வரி: "பதினாலு பேருக்கும் அனுப்பிப்போட்டன் சேர். நீங்கள் பதினஞ்சாவது ஆள். வாசிச்சிட்டுக் கதையுங்கோ."

பத்தி இந்த வாரம் ஒரு நாள் பிந்தியதற்குப் பத்திரிகை ஆசிரியர் மன்னிக்க வேண்டும்... வாசித்துக்கொண்டிருந்தேன்.